புதுசா குடிவந்தவர் யார்? 'சூக்ஷ்மதர்ஷினி' ஜன்னலும் ஆரணி தறிச் சத்தமும்

ஆரணியில் நெசவாளர்கள் வசிக்கும் ஒரு தெரு. மினி லாரி ஒன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர், ரெண்டு மூட்டை பாத்திரம். கூடவே ஒரு மகன், வயதான அம்மா. சாமான் பாதி இறங்குறதுக்குள்ள எதிர்வீட்டு அக்கா கேட்டிருப்பார்: "எந்த ஊருங்க நீங்க?" அடுத்த கேள்வி, "தறி போடுறீங்களா?" மூணாவது, "வீட்டுல எத்தனை பேரு?" சாயங்காலத்துக்குள்ள இந்த மூணு பதிலும் தெருமுனை டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதுல யாருக்கும் எதுவும் தப்பா தெரியாது. நம்ம ஊர் வழக்கம் அது. ஆனால் அந்த மகன் சொன்ன பதில்ல ஒண்ணு பொருந்தலைன்னா? அம்மாவுக்கு மறதி நோய்னு மகன் சொல்றார், அம்மாவைப் பார்த்தா அப்படித் தெரியலைன்னா? பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யணும்? கேக்கணுமா, கண்டுக்காம போகணுமா, போலீஸுக்குச் சொல்லணுமா?

இந்த ஒற்றைக் கேள்வியை வைத்து ரெண்டரை மணி நேரம் நம்மை உட்கார வைத்த மலையாளப் படம்தான் 'சூக்ஷ்மதர்ஷினி'. 2024 நவம்பர் 22-ல் தியேட்டருக்கு வந்தது. 2025 ஜனவரி 11-ல் ஹாட்ஸ்டாரில் வெளியான பிறகு தமிழ்நாட்டிலும் வீடு வீடாகப் பார்க்கப்பட்டது. படம் பார்த்துவிட்டு எழுந்தவர்கள் பலரும் செய்த முதல் வேலை, தங்கள் பக்கத்து வீட்டு ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்ததுதான்.

படத்துல அப்படி என்ன இருக்கு?

முதலில் ஒரு உறுதிமொழி: படத்தின் கடைசி முடிச்சு இங்கே அவிழ்க்கப்படவில்லை. இன்னும் பார்க்காதவர்கள் தைரியமாகத் தொடரலாம்.

பிரியதர்ஷினி என்கிற பிரியா ஒரு குடும்பத் தலைவி. மைக்ரோபயாலஜி படித்தவர். கணவர், சின்ன மகள், அக்கம்பக்கத்துத் தோழிகள் என்று ஒரு சாதாரண வாழ்க்கை. பக்கத்து வீட்டுக்கு மேனுவல் என்பவர் தன் அம்மா கிரேஸுடன் குடிவருகிறார். சிரித்த முகம், எல்லோரிடமும் இனிமையான பேச்சு. தெருவுக்கே மேனுவலைப் பிடித்துவிடுகிறது. பிரியாவுக்கு மட்டும் ஏதோ ஒண்ணு உறுத்துது. அம்மாவுக்கு மறதி நோய் என்கிறார் மகன். ஆனால் பிரியா கண்ணில் படும் சின்னச் சின்ன விஷயங்கள் அதோடு ஒத்துப்போகவில்லை.

பிரியாவாக நஸ்ரியா நசீம். 'நேரம்', 'ராஜா ராணி', 'வாயை மூடி பேசவும்' என்று தமிழ் ரசிகர்களுக்கு நன்றாகப் பழக்கமான முகம். 2020-ல் வந்த 'டிரான்ஸ்' படத்துக்குப் பிறகு மலையாளத்தில் அவருக்கு இது பெரிய மறுவருகை. மேனுவலாக பேசில் ஜோசப். 'மின்னல் முரளி' படத்தை இயக்கியவர், 'ஜெய ஜெய ஜெய ஜெய ஹே' படத்தில் நடித்தவர். பார்த்தாலே நம்பத் தோன்றும் அவர் முகத்தைத்தான் இயக்குநர் எம்.சி.ஜிதின் துருப்புச்சீட்டாக்கி இருக்கிறார். 2018-ல் 'நான்சென்ஸ்' எடுத்த ஜிதினுக்கு இது ரெண்டாவது படம். இசை, 'பிரமயுகம்' படத்தில் மிரட்டிய கிறிஸ்டோ சேவியர்.

தலைப்பிலேயே ஒரு விளையாட்டு உண்டு. மலையாளத்தில் 'சூக்ஷ்மதர்ஷினி' என்றால் மைக்ரோஸ்கோப், அதாவது நுண்ணோக்கி. மைக்ரோபயாலஜி படித்த பிரியதர்ஷினி, பக்கத்து வீட்டை வைத்துப் பார்க்கும் சூக்ஷ்மதர்ஷினி ஆகிறார். படித்த படிப்புக்கு லேப் கிடைக்காத ஒரு பெண்ணுக்கு, சமையலறை ஜன்னலே லேப் ஆகிறது. படத்தின் சுவாரசியமே இங்கதான் இருக்கு.

ஜன்னல் வழி சந்தேகம்: 1954-லேயே ஆரம்பிச்சாச்சு

இந்தக் கதை வகைக்கு தாத்தா ஒருவர் இருக்கிறார். ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1954-ல் எடுத்த 'ரியர் விண்டோ'. கால் உடைந்து சக்கர நாற்காலியில் முடங்கிக் கிடக்கும் ஒரு போட்டோகிராபர், பொழுது போகாமல் எதிர் ஜன்னல்களைப் பார்க்கிறார். ஒரு வீட்டில் மனைவியைக் காணோம். கணவன் நடவடிக்கை சரியில்லை. கொலையா, கற்பனையா? கார்னெல் வூல்ரிச் 1942-ல் எழுதிய சிறுகதைதான் இதற்கு மூலம்.

அதே 1954-ல், சில மாதங்கள் முன்னாடியே, தமிழிலும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் திரைக்கு வந்துவிட்டார். ஏவி.எம் தயாரிப்பில் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்று பேர் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில், சிவாஜி கணேசன் நடித்த ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறார். வெடிச் சத்தம் கேட்டு போலீஸுக்குத் தகவல் சொல்வது பக்கத்து வீட்டுக்காரர். அப்புறம் பார்த்தால், விசாரிக்கப்படுபவர்கள் பட்டியலில் அவரும் இருக்கிறார்!

ரெண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரியும். அமெரிக்கப் படத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார். தமிழ்ப் படத்தில் அவர் கேட்கிறார். நம்ம ஊர் வீடுகளுக்கு அதுதான் பொருத்தம். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் கண்ணுக்கு முன்னாடி காது போய்விடும்.

ஆரணி தெருவில் காதுதான் சிசிடிவி

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணிக்கு ரெண்டு பெருமை. ஒண்ணு அரிசி, இன்னொண்ணு பட்டு. ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீட்டுக்குள்ளேயே தறி. பல வீடுகளில் முன்பக்க அறைதான் தறி மேடை. படுக்கை, சமையல் எல்லாம் அதற்குப் பின்னாடிதான். வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் ஒரே கூரைக்குக் கீழே.

இப்படிப்பட்ட தெருவில் ரகசியம் காப்பது ரொம்ப கஷ்டம். காரணம், வம்பு பேசும் குணம் இல்லை. வேலையே அப்படி. பட்டுப்பாவை தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழையை முடிச்சுப் போட ஒரு வீட்டு ஆள் போதாது. நாலு வீட்டு ஆள் கை கொடுக்கணும். இன்னைக்கு உங்க பாவு, நாளைக்கு எங்க பாவு. ஒருத்தர் ஒத்தையாக நின்னால் தறி ஓடாது.

கூடவே சத்தம். கைத்தறிக்கு ஒரு தாளம் உண்டு. நாடா ஓடும் சத்தம், பலகை அடிக்கும் சத்தம். தினமும் காலையில ஆரம்பிக்கும் அந்தத் தாளம் ஒருநாள் கேட்கவில்லை என்றால், பக்கத்து வீட்டில் தானாக ஒரு கேள்வி எழும். "என்ன, இன்னும் தறி சத்தம் காணோம்?" உடம்பு சரியில்லையா, ஜரிகை வரலையா, வீட்டுல சண்டையா? சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கவே தேவையில்லை.

நெசவாளர் வாழ்க்கையைத் திரையில் காட்டி 55-வது தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வான 'காஞ்சிவரம்', இந்தக் கண்காணிப்பின் இன்னொரு முகத்தைக் காட்டியது. எடுத்தவர் மலையாள இயக்குநர் பிரியதர்ஷன். மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுச்சேலை நெய்ய ஆசைப்படும் நெசவாளி, கூலிக்கு நெய்யும் இடத்திலிருந்து பட்டு இழையை வாய்க்குள் மறைத்துக் கொண்டுவருவார். பிரகாஷ்ராஜுக்கு தேசிய விருது வாங்கித் தந்த பாத்திரம் அது. ஆயுசு முழுக்க பட்டு நெய்பவர் வீட்டில் ஒரு பட்டுச்சேலை இருந்தாலே அது எப்படி வந்தது என்று ஊர் கேட்கும் நிலைமை. அந்த இடத்தில் கவனிக்கும் கண், அக்கறையின் கண் இல்லை.

ஆக, பக்கத்து வீட்டைக் கவனிப்பது என்பது ஒரே காரியம் மாதிரி தெரிந்தாலும், பின்னால் இருக்கும் எண்ணத்தைப் பொறுத்து ரெண்டு விதமாக முடியும். சினிமாவில் ரெண்டும் சுவாரசியம். நிஜத்தில் ஒன்று உயிரைக் காப்பாற்றும், இன்னொன்று உயிரை எடுக்கும்.

சந்தேகம் உயிரைக் குடித்த நாள்

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஆரணிக்குப் பக்கத்துத் தாலுகா போளூர்.

2018 மே மாதம். சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குப் போகக் கிளம்பி, போளூர் அருகே அத்திமூர் பகுதிக்கு காரில் வந்தது. வழியில் நிறுத்தி, விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் வட மாவட்டங்கள் முழுக்க வாட்ஸ்அப்பில் ஒரே பேச்சு: "வடமாநிலத்துல இருந்து குழந்தை கடத்துற கும்பல் வந்திருக்கு, உஷாரா இருங்க." சாக்லேட் கொடுத்த வெளியூர்க்காரர்களைப் பார்த்ததும் அந்த வதந்தி உண்மை ஆகிவிட்டது. கூட்டம் கூடியது. 65 வயதுப் பெண் அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்த உறவினர்கள் படுகாயம் அடைந்தார்கள். பிறகு போலீஸ் கிராமம் கிராமமாகத் தேடிப் பலரைக் கைது செய்தது. அதே நாட்களில் பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தில் ஒருவர் கொல்லப்பட்டார்.

கொன்றவர்கள் யாரும் தங்களை வில்லன் என்று நினைத்திருக்க மாட்டார்கள். "நம்ம புள்ளைங்களைக் காப்பாத்துறோம்" என்றுதான் நினைத்திருப்பார்கள். புது முகம், பொருந்தாத ஒரு செய்கை, மனசுக்குள் ஒரு சந்தேகம்: பிரியாவுக்கு வந்த அதே மூணு விஷயம்தான் அத்திமூரிலும் இருந்தது.

வித்தியாசம் எங்கே? பிரியா தன் சந்தேகத்தையே சந்தேகப்படுகிறார். ஒரு தகவல் கிடைத்தால் அது சரியா என்று இன்னொரு வழியில் சோதிக்கிறார். தப்பு என்று தெரிந்தால் அசடு வழிந்து பின்வாங்குகிறார். அத்திமூரில் சோதிக்க யாருக்கும் நேரம் இல்லை. ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். காரை நிறுத்தி வைத்துக்கொண்டு, போலீஸுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் தெளிவாகி இருக்கும்.

2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் தனி போலீஸ் அதிகாரியை நியமிக்கச் சொன்னது. அதே மாதம் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காக 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்யும் கொலைக்கு தனிப் பிரிவே இருக்கிறது: 103(2). தண்டனை, ஆயுள் அல்லது மரணம்.

கண்டும் காணாம இருந்தா?

"எதுக்கு வம்பு, நம்ம வேலையைப் பாப்போம்" என்று ஒதுங்கிவிடலாமா? அதற்கும் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு.

1964 மார்ச் மாதம், நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தன் குடியிருப்புக்கு அருகிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அக்கம்பக்கத்தில் 30-க்கும் மேற்பட்டோர் பார்த்தும் யாரும் உதவவில்லை என்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. உலகமே அதிர்ந்தது. அதன் தாக்கத்தில் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற ரெண்டு உளவியலாளர்கள் 1968-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பார்ப்பவர்கள் எண்ணிக்கை கூடக் கூட, "வேற யாராவது சொல்லியிருப்பாங்க" என்ற நினைப்பும் கூடும், உதவி குறையும் என்றது அந்த ஆய்வு.

இதில் ஒரு திருப்பம். 2016-ல் அதே 'நியூயார்க் டைம்ஸ்', சாட்சிகள் எண்ணிக்கையைத் தாங்கள் மிகைப்படுத்திவிட்டதாக ஒப்புக்கொண்டது. முழுதாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. "யாருமே வரலை" என்பதும் சரியில்லை, கடைசி நேரத்தில் அவரைத் தாங்கிப் பிடித்தவர் பக்கத்து வீட்டில் வசித்த ஒரு பெண். பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்நெஞ்சர்கள் என்ற கதைகூட சரிபார்க்கப்படாமலே அரை நூற்றாண்டு ஓடியிருக்கிறது.

மறதி நோய்: படம் தொடும் நிஜம்

'சூக்ஷ்மதர்ஷினி' கதை நகர்வது ஒரு வயதான அம்மாவின் மறதியைச் சுற்றி. மலையாள சினிமாவுக்கு இது புது விஷயமில்லை. 2005-ல் மோகன்லால் நடித்த 'தன்மாத்ர' அல்சைமர் நோயை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. தமிழில் மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' படத்தில் லீலா சாம்சன் பாத்திரம் நினைவிருக்கலாம்.

மறதி நோய் உள்ளவர்கள் வீட்டை விட்டு வெளியே போய் வழி தெரியாமல் நிற்பது நிஜமாகவே அடிக்கடி நடப்பது. அப்போது முதலில் பார்ப்பவர் அக்கம்பக்கத்தார்தான். இங்கேதான் சிக்கல். "அவங்களுக்கு மறதி, என்னென்னமோ சொல்லுவாங்க" என்று குடும்பம் ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்தப் பெரியவர் பிறகு சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். "சாப்பாடு போடலை", "பூட்டி வைக்கிறாங்க" என்று அவர் சொன்னால், அது நோயா, உண்மையா?

ரெண்டுமே சாத்தியம். மறதி நோய் இருப்பவர் சாப்பிட்டதை மறந்து "சாப்பிடலை" என்று சொல்வதுண்டு. அதேபோல, நோய் இருப்பவரே கொடுமைக்கு ஆளாவதும் உண்டு. அதைத் தீர்மானிக்க வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. தீர்மானிக்கக்கூடியவர்களுக்குச் சொல்வதுதான் அவர் வேலை.

சரி, சந்தேகம் வந்தா என்ன செய்யலாம்?

சட்டம் இதில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நினைப்பதைவிட அதிக இடம் கொடுத்திருக்கிறது.

*வீட்டுக்குள் பெண் அடி வாங்குவது தெரிந்தால்:* 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, வன்முறை நடந்ததாகவோ, நடப்பதாகவோ, நடக்கப்போவதாகவோ நம்பக் காரணம் உள்ள யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம் என்கிறது. சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்தில் சொன்ன தகவலுக்காக அவர் மீது வழக்கு போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பெண்கள் உதவி எண் 181.

*குழந்தை விஷயம் என்றால்:* 1098. பாலியல் குற்றம் என்று தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி தகவல் சொல்வது கட்டாயம். சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு.

*பெரியவர்கள் விஷயம் என்றால்:* முதியோர் உதவி எண் 14567, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பராமரிப்பு கேட்டு விண்ணப்பிக்க முடியாத நிலையில் இருப்பவருக்காக, அவர் அனுமதி தந்த வேறொருவரோ அமைப்போ மனு செய்யலாம். தீர்ப்பாயம் தானாக முன்வந்தும் எடுக்கலாம். வருவாய் கோட்டாட்சியர் அளவில் இது விசாரிக்கப்படுகிறது. ஆரணியிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. பெரியவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும்.

*அவசரம், இப்பவே ஆபத்து என்றால்:* 112.

இனி, செய்யக்கூடாதது. பிரியா படத்தில் செய்யும் சில காரியங்களை நிஜத்தில் செய்தால் வழக்கு அவர் மேலேயே திரும்பும். அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது அத்துமீறல் புகாரில் முடியலாம். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் குற்றம், முதல் தடவையே குறைந்தது 1 ஆண்டு சிறை. பொய் என்று தெரிந்தே ஒருவரைச் சிக்க வைக்க போலீஸில் தகவல் சொன்னால் 217-வது பிரிவு. மக்களிடம் பீதி கிளப்பும் வதந்திக்கு 353-வது பிரிவு. "எனக்கு வந்துச்சு, நான் ஃபார்வேர்டுதான் பண்ணேன்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை.

குடிவந்தவருக்கும் ஒரு பக்கம் இருக்கு

இதுவரை பார்ப்பவர் பக்கம். பார்க்கப்படுபவர் பக்கமும் நின்று பார்க்க வேண்டும்.

மேனுவலுக்குப் பதிலாக, வேலைக்காக ஒரு ஊருக்கு வந்த தனிப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, சொந்த ஊரை விட்டு ஓடிவந்து வாடகைக்கு வீடு பிடித்திருக்கும் ஒரு ஜோடியை. அவர்களுக்கு "எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ளை?" என்ற கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. அந்தப் பதில் டீக்கடைக்குப் போய், அங்கிருந்து சொந்த ஊருக்குப் போனால் என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததல்ல. அவர்கள் பதில் பொருந்தாமல் இருப்பதற்குக் காரணம் குற்றம் இல்லை, பயம்.

வடமாநிலத் தொழிலாளர்கள் நிலையும் இதேதான். 2018-ல் அவர்களைப் பற்றிய வதந்தியில் நம்ம ஊர்ப் பெண்ணே செத்துப்போனார். 2023 மார்ச்சில் வதந்தி எதிர்த்திசையில் ஓடியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவி, பீகார் அரசு குழு அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் போனது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. வாடகை வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு பதிவு செய்யச் சொல்கிறது. வாடகைக்கு விட்டவரே நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது, முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரருக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், எதிர்வீட்டுக்காரருக்கு எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளலாம்.

அப்போ எது சரி?

படத்தை ரெண்டாம் தடவை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். பிரியாவின் சந்தேகம் முழுக்க மேனுவல் மேல் இருந்தாலும், அவர் கவனம் கிரேஸ் அம்மா மேல் இருக்கிறது. "இந்த ஆள் யாரு?" என்பதைவிட "அந்த அம்மா நல்லா இருக்காங்களா?" என்ற கேள்விதான் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது. அத்திமூரில் கூடியவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிட்டார்கள். அதற்கான பதிலும் அவர்களுக்கு ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டிருந்தது.

ரெண்டாவது கேள்வியைக் கேட்க நுண்ணோக்கி தேவையில்லை. ஒரு டம்ளர் சர்க்கரை கடன் கேட்டுப் போகலாம். பண்டிகைக்கு ஒரு தட்டு பலகாரம் கொடுத்தனுப்பலாம். நேருக்கு நேர் நின்று, "அம்மா எப்படி இருக்காங்க, பாத்து நாளாச்சு?" என்று கேட்கலாம். பதில் பொருந்தவில்லை என்றால் கதவை உடைக்காமல், தெருவைக் கூட்டாமல், மேலே சொன்ன எண்களில் ஒன்றைக் கூப்பிடலாம். சொன்னவர் சந்தேகம் தப்பு என்று தெரிந்தால், அதிகபட்சம் ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

ஆரணி தெருவில் அந்த மினி லாரி போய்விட்டது. சாமான் எல்லாம் உள்ளே போயாச்சு. நாலைந்து நாளில் புது வீட்டிலும் தறி பூட்டுவார்கள், அதன் சத்தம் தெருவோடு கலந்துவிடும். யார், எந்த ஊர் என்ற பேச்சும் அடங்கிவிடும். பிறகு ஏதோ ஒரு காலையில் அந்த வீட்டுத் தறி சத்தம் கேட்காமல் போகும்போது, எதிர்வீட்டு அக்கா தாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தட்டுவார்.

"என்னாச்சும்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"